கடைக்குட்டியோடு கணக்கு முடிவதில்லை

கேள்வி: எங்க அண்ணனுக்கு மூணு பிள்ளைக. மதினி எங்க தாய்மாமன் மகதான். மூத்தவனுக்கு 24 வயசு, நல்லா இருக்கான். அடுத்தது பொண்ணு, 21. போன தையிலதான் மதினியோட தம்பிக்கே குடுத்தோம்; இப்ப நாள் தள்ளி ரெண்டு மாசம். கடைக்குட்டிப் பையனுக்கு 10 வயசு. ஒரு வயசு நிறையுமுன்னயே தலசீமியா மேஜர்னு சொல்லிட்டாக. மூணு வாரத்துக்கு ஒருக்கா பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்துதாக. இப்ப மூத்தவனுக்கு என் மகளக் கேக்குதாக, அவளுக்கு 20. என் வீட்டுக்காரவுக அசல், சங்கரன்கோவில் பக்கம். "நாலுல ஒண்ணுன்னு டாக்டர் சொன்ன கணக்கு கடைக்குட்டியோட முடிஞ்சு போச்சு, இனி பயமில்ல"ன்னு அண்ணன் சொல்லுதாக. பிள்ளைக ரெண்டு பேருக்கும் ரத்த குரூப்பும் வேற வேற. எங்க ரெண்டு பக்கமும் மூணு தலைமுறையா யாருக்கும் இந்த நோய் கெடையாது. குடுக்கலாமா? என் மகளுக்கும் அந்தக் குறை இருக்குன்னு வந்தா, வேற எடத்துல குடுக்க முடியுமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வீரவநல்லூர் பக்கம்)

பதில்:

அன்புள்ள அம்மா,

நீங்கள் கேட்டது மகள் கல்யாணத்தைப் பற்றி. அதற்கு அவகாசம் இருக்கிறது. கடிதத்தின் நடுவில், போகிற போக்கில், "நாள் தள்ளி ரெண்டு மாசம்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் அவகாசம் இல்லை. அதை முதலில் பேசிவிடுவோம்.

உங்கள் அண்ணன் மகள் ஒரு தலசீமியா பிள்ளையோடு கூடப்பிறந்தவள். அவளுடைய கணவர், அந்தப் பிள்ளையைப் பெற்ற தாயோடு கூடப்பிறந்தவர். இரண்டு பேரிடமும் அந்தப் பழுதான மரபணு ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு. (நோய் இல்லாமல் பழுதை மட்டும் சுமப்பவரைக் கேரியர் என்றும், அந்த நிலையை மைனர் என்றும் சொல்வார்கள்.) இருவரையும் பரிசோதிக்காமல் இன்று கணக்குப் போட்டால், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு மேஜர், அதாவது கடைக்குட்டிக்கு இருப்பதுபோன்ற முழு நோய், வரும் வாய்ப்பு 12இல் 1. இந்த 12 எங்கிருந்து வந்தது என்று பின்னால் சொல்கிறேன். அது புரிகிறவரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே இருவரும் ரத்தம் கொடுத்துவிடட்டும்.

டாக்டரிடம் சீட்டில் எழுதி வாங்க வேண்டியவை இரண்டு: சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் பருமனும் பார்ப்பது), ஹீமோகுளோபின் ஹெச்பிஎல்சி (ஹீமோகுளோபினை வகை பிரித்து அளப்பது). வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. ஊதா மூடி போட்ட குழாயில் சில மில்லி ரத்தம் எடுத்தால் இரண்டுக்கும் போதும். வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் ரத்தம் எடுக்கும் லேப்கள் பல, ஹெச்பிஎல்சிக்கு மாதிரியை வெளியூருக்கு அனுப்பி வைப்பவை. ஆகவே ரத்தம் கொடுக்குமுன் "எத்தனை நாளில் ரிசல்ட் வரும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்குட்டிக்கு ரத்தம் ஏற்றும் வார்டில் உங்கள் குடும்பத்தைத் தெரிந்திருக்கும். அங்கேயே கேட்டாலும் வழி சொல்வார்கள்.

இருவரும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். முதலில் பெண்ணுக்குப் பார்ப்பது, ரிப்போர்ட் வர ஒரு வாரம், அதைக் காட்ட ஒரு வாரம், பிறகு மாப்பிள்ளையை ஊரிலிருந்து வரவழைப்பது என்று இழுத்தால் கர்ப்பம் மூன்று வாரம் முன்னே போயிருக்கும். இந்த விஷயத்தில் வாரங்கள்தான் பணம்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் என்ன பார்ப்பது? சிபிசி தாளில் மூன்று வரி போதும். ஓர் உதாரணத் தாள்: ஹீமோகுளோபின் 10.8, சிவப்பணு எண்ணிக்கை 5.6 மில்லியன், எம்சிவி 63. எம்சிவி என்பது ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன். 80க்கு மேல் இருக்க வேண்டும். இந்தத் தாளில் அணுக்கள் பொடிப்பொடியாக இருக்கின்றன, ஆனால் எண்ணிக்கையில் குறைவே இல்லை. இதுதான் தலசீமியா மைனரின் முகம். 63ஐ 5.6ஆல் வகுத்தால் 11 சொச்சம் வருகிறது. இந்த ஈவு 13க்குக் கீழே இருந்தால் மைனரைச் சந்தேகிக்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு வேறு மாதிரி இருக்கும். ஹீமோகுளோபின் 9.2, எண்ணிக்கை 4.1, எம்சிவி 72 என்று ஒரு தாள் வந்தால் ஈவு 17க்கு மேல். அங்கே அணுவும் சிறியது, எண்ணிக்கையும் குறைவு. வகுத்துப் பார்ப்பது சந்தேகத்துக்கு மட்டும்தான். முடிவு சொல்வது ஹெச்பிஎல்சி.

அந்தத் தாளில் 'ஹெச்பி ஏ2' என்று ஒரு வரி இருக்கும், ஹீமோகுளோபினில் அது ஒரு வகை. 3.5 சதவீதத்துக்குக் கீழே, எம்சிவியும் சரியாக இருந்தால், அவர் கேரியர் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். 4க்கு மேல் போனால் கேரியர்தான். ரிப்போர்ட்டில் 'பீட்டா தலசீமியா ட்ரெய்ட்' அல்லது 'மைனர்' என்று இருக்கும். எல்லையை ஒட்டி, 3.3, 3.6, 3.8 என்று வரும்போதுதான் தப்பு நடக்கிறது. உடம்பில் இரும்புச்சத்து மிகக் குறைந்திருந்தால் ஏ2வும் கீழே இறங்கிவிடும். உண்மையில் கேரியராக இருப்பவர் 'நார்மல்' என்று வீட்டுக்கு வந்துவிடுவார். பி12 குறைவு இதற்கு நேர்மாறு. ஏ2வைச் சற்றே தூக்கிக் காட்டும். கல்யாணமாகாத பிள்ளை என்றால் இரும்பு மாத்திரை மூன்று மாதம் கொடுத்துவிட்டு மறுபடி பார்க்கலாம். கர்ப்பிணிக்கு அந்த மூன்று மாதம் கிடையாது. அவளுக்கு ஏ2 இழுபறியாக வந்தால் கணவரின் ரிப்போர்ட்டைப் பாருங்கள். அவருடையது தெளிவாக நார்மல் என்றால் கவலை தீர்ந்தது. அவர் கேரியர் என்றால், அவளுக்கு ஹெச்பிஎல்சியை மறுபடி செய்து நாளைப் போக்காமல் நேராக டிஎன்ஏ டெஸ்டுக்குப் போக வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம். கடந்த மூன்று மாதத்துக்குள் யாருக்காவது ரத்தம் ஏற்றியிருந்தால் ஹெச்பிஎல்சி செல்லாது. ஓடுவது கொடுத்தவரின் ரத்தம், தாளில் வருவதும் அவருடைய கணக்கு. ஏ2 இருக்க வேண்டிய இடத்தில் 25, 30 சதவீதம் என்று வந்தால் அது தலசீமியா இல்லை, பெரும்பாலும் ஹீமோகுளோபின் ஈ என்ற வேறு வகை. "தலசீமியா இல்லை" என்று விட்டுவிடாதீர்கள். ஈ ஒருவரிடமும் பீட்டா தலசீமியா இன்னொருவரிடமும் இருந்தால், பிள்ளைக்குக் கடும் ரத்தசோகை வரக்கூடும்.

இருவரில் ஒருவர் கேரியர் இல்லை என்று வந்தாலே போதும், பிள்ளைக்கு மேஜர் வராது. அந்த நல்ல செய்தி வருவதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. இருவரும் கேரியர் என்று வந்துவிட்டால் மேற்கொண்டு நடக்க வேண்டியது இது.

வேலூர் சிஎம்சியின் ரத்தவியல் துறையில் தலசீமியாவுக்கான டிஎன்ஏ பரிசோதனையும் கருவிலிருக்கும் பிள்ளைக்கான பரிசோதனையும் செய்கிறார்கள். போகும்போது கணவன், மனைவி, உங்கள் அண்ணன், மதினி, கடைக்குட்டி ஆகியோரின் பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். கடைக்குட்டியின் மரபணுவில் பழுது எந்த எழுத்தில் என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால், மற்றவர்களிடம் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். பீட்டா தலசீமியாவுக்கு நூற்றுக்கணக்கான பழுதுகள் உண்டு. இந்தியாவில் மிக அதிகமாகக் காணப்படுவது ஐவிஎஸ் 1-5 என்ற ஒன்று. சொந்தத்தில் பெண் எடுத்த வீடு என்பதால், தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பையனுக்கு வந்த இரண்டு மரபணுப் பிரதியிலும் ஒரே பழுது இருக்கவே வாய்ப்பு அதிகம். அவனுக்கு முன்பே டிஎன்ஏ டெஸ்ட் எடுத்திருந்தால் அந்தத் தாள் இப்போது தங்கம்; பீரோவைத் தேடுங்கள்.

பழுது தெரிந்ததும், 11ஆவது வாரத்திலிருந்து 13ஆவது வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து துளியளவு திசு எடுப்பார்கள். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வயிற்று வழியாக ஊசி செலுத்தி எடுப்பது. மயக்கம் கொடுக்க வேண்டியதில்லை, அன்றே வீடு திரும்பலாம். 10 வாரத்துக்கு முன்னால் எடுத்தால் பிள்ளையின் கை கால் வளர்ச்சிக்குப் பாதிப்பு வரலாம் என்பதால் அவசரப்படுத்தக் கூடாது. அந்த வாரங்கள் தவறினால் 16ஆவது வாரவாக்கில் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கலாம். எது செய்தாலும் கரு கலைந்துபோகும் அபாயம் கொஞ்சம் உண்டு. அனுபவமுள்ள கையில் அது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. மருமகளுக்கு, அதாவது உங்கள் அண்ணன் மகளுக்கு, ரத்த குரூப் நெகட்டிவ் என்றால் ஊசி முடிந்த கையோடு ஆன்டி-டி என்ற தடுப்பு ஊசியும் போட வேண்டும், நீங்களே நினைவுபடுத்துங்கள். எடுத்த திசுவில் தாயின் செல் கலந்திருக்கிறதா என்றும் லேப்பில் சரிபார்ப்பார்கள். கலந்துவிட்டால் பிள்ளையின் முடிவுக்குப் பதில் தாயின் முடிவு வந்துவிடும்.

சட்டத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதை. ஹீமோகுளோபின் நோய்களுக்காகக் கருவைப் பரிசோதிப்பதை அதே சட்டம் அனுமதிக்கிறது. பதிவு பெற்ற மையமாக இருக்க வேண்டும், ஊசி போடுவதற்கான சம்மதத்தை அவளுக்குப் புரிகிற மொழியில் எழுதி வாங்க வேண்டும், நகல் அவள் கையில் தர வேண்டும். மேஜர் என்று முடிவு வந்தால், கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பது அவளுடைய முடிவு. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்துப் போதும். 20லிருந்து 24 வரை, சட்டம் குறிப்பிடும் நிலைகளில், இரண்டு டாக்டர்கள் வேண்டும். அதற்கு மேல் மருத்துவக் குழுதான். 18 வயது கடந்தவள் என்பதால் அவள் கையெழுத்து மட்டும் போதும். மாமியாரோ, அண்ணனோ, நாமோ அதில் கையெழுத்துப் போட இடமில்லை.

இங்கே ஒரு பொய்யான ஆறுதலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "ஸ்கேன்லாம் நார்மல்னு சொல்லிட்டாக" என்று பல வீடுகளில் நிம்மதியாகிவிடுகிறார்கள். மூன்றாம் மாத ஸ்கேனிலும் ஐந்தாம் மாத ஸ்கேனிலும் பீட்டா தலசீமியா தெரியாது. பிறந்த பிள்ளையும் கொழுகொழு என்றுதான் இருக்கும். கருவிலிருந்து கொண்டுவரும் ஹீமோகுளோபினை வைத்து ஆறு மாதம்போல ஓட்டிவிடும். அது வடிந்து பெரியவர்களின் ஹீமோகுளோபின் வர வேண்டிய நேரத்தில்தான் வெளுக்கத் தொடங்கும். கடைக்குட்டிக்கும் அப்படித்தான் நடந்திருக்கும்.

இனி அண்ணன் சொல்லும் கணக்குக்கு வருவோம். "நாலில் ஒன்று முடிந்து போச்சு" என்பதை அவர் மட்டும் சொல்லவில்லை, படித்தவர்களும் சொல்கிறார்கள். அது தப்பு. ஏன் என்பதை இரண்டு புளியங்கொட்டை வைத்துக் காட்டிவிடலாம்.

தாயம் விளையாட ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்குவோமே, அதேபோல இரண்டு கொட்டை. ஒன்று அண்ணன், இன்னொன்று மதினி. கருப்புப் பக்கம் நல்ல பிரதி, வெள்ளைப் பக்கம் பழுதான பிரதி. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது. பிள்ளைக்குக் கொடுப்பது அதில் ஒன்றை. எதைக் கொடுப்போம் என்பது கொட்டை எப்படி விழுகிறது என்பது போலத்தான். அண்ணனும் மதினியும் ஆளுக்கு ஒரு நல்ல பிரதி வைத்திருப்பதால் அவர்களுக்கு நோய் இல்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் மெண்டலின் பட்டாணிச் செடியோடு 'ஒடுங்கு பண்பு' என்று படிப்பது இதைத்தான். ஒரு பழுது ஒடுங்கிக் கிடக்கும். இரண்டு சேர்ந்தால்தான் தலை காட்டும். இரண்டு கொட்டையையும் உருட்டுங்கள். நான்கு விதமாக விழலாம்: இரண்டும் கருப்பு; அண்ணன் வெள்ளை, மதினி கருப்பு; அண்ணன் கருப்பு, மதினி வெள்ளை; இரண்டும் வெள்ளை. கடைசியது மேஜர். நடுவில் உள்ள இரண்டும் மைனர். முதலாவது ஒன்றுமில்லாத பிள்ளை. (வீட்டில் தேய்த்த கொட்டை ஒரு பக்கமே அடிக்கடி விழும், சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு ஒரு ரூபாய் நாணயம் எடுத்துக்கொள்ளுங்கள்.)

போன தடவை இரண்டும் வெள்ளையாக விழுந்தது என்று கொட்டைக்கு ஞாபகம் இருக்குமா? அடுத்த உருட்டலிலும் அதே நாலில் ஒன்றுதான். மதினிக்கு இன்னொரு பிள்ளை உண்டாகியிருந்தால் அதற்கும் நாலில் ஒன்று. இருவரும் கேரியரான வீட்டில் நாலு பிள்ளை பிறந்தால் "ஒன்று நோய், மூன்று நலம்" என்று பங்கு பிரிவதில்லை. நூறு வீட்டை எடுத்துக்கொண்டால், 32 வீட்டில் நாலுமே நன்றாக இருக்கும், 42 வீட்டில் ஒன்றுக்கு நோய், மீதி 26 வீட்டில் இரண்டோ அதற்கு மேலோ. இரண்டு பிள்ளையோடு நிறுத்திய வீடுகளில் பாதிக்கு மேல், நூற்றுக்கு 56 வீட்டில், ஒரு பிள்ளைக்கும் நோய் இருக்காது. பெற்ற இருவரும் கேரியர் என்பது அந்த வீட்டுக்குத் தெரியாமலே போய்விடும். மூன்று தலைமுறையாக யாருக்கும் இல்லை என்றீர்களே, அதற்குக் காரணம் இதுதான்: ஒரு பழுது ஆச்சியிலிருந்து அம்மாவுக்கு, அம்மாவிலிருந்து பிள்ளைக்கு என்று சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே வரும். இரண்டு பழுது ஒரு மணமேடையில் சந்திக்கிற வரை யாருக்கும் தெரியாது. மதினி உங்கள் தாய்மாமன் மகள் என்பதால், அண்ணனிடமும் மதினியிடமும் இருப்பது பெரும்பாலும் உங்கள் அம்மாவைப் பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து இரண்டு கிளையாக இறங்கிய ஒரே பழுதுதான்.

மூத்தவனுக்கு எவ்வளவு? அவனுக்கு நோய் இல்லை என்பது கண்ணால் தெரிகிறது; ஆகவே 'இரண்டும் வெள்ளை' என்ற விதத்தை அடித்துவிடலாம். மிச்சம் மூன்று விதம், அதில் இரண்டு மைனர். ஆக அவன் கேரியராக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. பாதி என்று பலர் சொல்வது இந்த ஒரு விதத்தை அடிக்க மறப்பதால். அவன் தங்கைக்கும் அதே மூன்றில் இரண்டு. அவள் கணவருக்குப் பாதி. மதினி நிச்சயமாகக் கேரியர், கூடப்பிறந்தவருக்கும் அதே பிரதி வந்திருக்கப் பாதி வாய்ப்பு. மூன்றில் இரண்டு, அதில் பாதி, அதில் நாலில் ஒன்று: 12இல் 1. முதலில் சொன்ன எண் இதுதான்.

உங்கள் கணக்கும் இதே வழியில்தான். அண்ணன் நிச்சயமாகக் கேரியர், ஆகவே உங்களுக்குப் பாதி. உங்கள் மகளுக்கு அதில் பாதி, நாலில் ஒன்று. மூத்தவனின் மூன்றில் இரண்டோடு பெருக்கி, இருவரும் கேரியராக இருந்தால் பிள்ளைக்கு வரும் நாலில் ஒன்றையும் பெருக்கினால் 24இல் 1. அவன் சொந்தம் இல்லாத ஒரு பெண்ணைக் கட்டினால்? நம் நாட்டில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் பீட்டா தலசீமியா கேரியர் என்று வைத்தால், 150இலிருந்து 200க்கு 1. வித்தியாசம் பெரியதுதான். ஆனால் சுழியம் இல்லை என்பதையும் கவனியுங்கள். பேச்சுக்கு 'அசல்', சொந்தமில்லை என்றாலும், ஒரே ஆட்களுக்குள், சுற்றியுள்ள பத்து இருபது ஊருக்குள் காலம் காலமாகப் பெண் எடுத்துக் கொடுத்தவர்கள் உண்மையில் அசல் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் அசல் என்பதை வைத்து மகள் தப்பித்தாள் என்றும் எண்ண வேண்டாம். உங்கள் வழியாக வரும் நாலில் ஒன்றை அது குறைக்காது.

இந்த எண்களை எல்லாம் விளக்கியபிறகு, இவற்றைத் தூக்கிப் போடச் சொல்லப் போகிறேன். 24இல் 1 என்பது உங்கள் மகளைப் பற்றிய உண்மை இல்லை, நாம் இன்னும் பார்க்காமல் இருப்பதன் அளவு. அவள் ஒன்று கேரியர், இல்லையென்றால் கேரியர் இல்லை. பிறந்த அன்றே முடிவான விஷயம். ஒரு ஹெச்பிஎல்சி அந்த மூடியைத் திறந்துவிடும். வாழ்நாளில் ஒருமுறை சரியாகப் பார்த்தால் போதும். உங்களுக்குப் பார்த்து, பிறகு வீட்டுக்காரருக்குப் பார்த்து, அப்புறம் மகள் என்று மேலிருந்து இறங்கி வர வேண்டாம். கல்யாணம் ஆகப்போகிறவர்களை நேரடியாகப் பாருங்கள்.

கணக்குப்படி மகளுக்கு மட்டும் பார்த்தாலே நாலில் மூன்று பங்கு விஷயம் முடிந்துவிடும். இருந்தாலும் அவளை மட்டும் பார்க்காதீர்கள். மூத்தவனையும் சேர்த்தே பாருங்கள், இருவர் ரிப்போர்ட்டையும் ஒரே நாளில் பிரியுங்கள். நம் ஊரில் பெண்ணின் ரிப்போர்ட் மட்டும் கையில் இருந்தால், நாளைக்குச் சம்பந்தம் நின்றதற்கு அவள் பெயர்தான் அடிபடும். அவளைவிட இருமடங்குக்கு மேல் வாய்ப்பு அவனுக்கு இருக்கிறது என்பது யார் காதிலும் விழாது.

இருவரில் ஒருவர் நார்மல் என்றால் தலசீமியாவைப் பொறுத்தவரை தாராளமாகக் கொடுக்கலாம். இருவரும் கேரியர் என்றால், என் கருத்தில் வேறு இடம் பார்ப்பதே மேல். நிச்சயமே இன்னும் ஆகவில்லை. பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் விரும்பிவிட்டார்கள் என்றால் அதுவும் முடியாத காரியமில்லை. ஆனால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் மேலே சொன்ன 11ஆவது வார ஊசிக்குத் தயாராக இருக்க வேண்டும், அல்லது சோதனைக்குழாய் முறையில் கருவைப் பரிசோதித்தபிறகு வைக்க வேண்டும். செலவும் அலைச்சலும் மனக்கஷ்டமும் உண்டு என்பதை இருவரும் முன்பே தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

ரிப்போர்ட் நார்மல் என்று வந்தாலும் சொந்தத்தில் கட்டுவதன் மற்ற அபாயம் அப்படியே நிற்கும், அதை மறைக்கக் கூடாது. மாமன் மகள், அத்தை மகன் கட்டினால் பிள்ளையின் மரபணு இடங்களில் 16இல் ஒரு பங்கில் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்ததாக இருக்கும். அக்கா மகளைக் கட்டினால் 8இல் ஒரு பங்கு. உங்கள் மகளும் மூத்தவனும் மாமன் மகன், அத்தை மகள் மட்டுமல்ல. மதினி வழியாகவும் சொந்தம். கூட்டினால் 64இல் 5. எந்தக் குடும்பத்திலும் பிறக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்றுக்குப் பெரிய பிறவிக் குறை இருக்கிறது. மாமன் அத்தை பிள்ளைகள் கட்டினால் அதோடு இன்னும் இரண்டு மூன்று கூடும். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் பிறக்கும். பிறவிச் செவிட்டுத்தன்மை இதில் அடிக்கடி வருவது என்பதால், எந்தச் சொந்தத்தில் கட்டினாலும் பிள்ளை பிறந்த முதல் மாதத்துக்குள் காது பரிசோதனை செய்துவிடுங்கள்.

ரத்த குரூப் வேறு வேறு என்பதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. குரூப் என்பது அணுவின் மேல்தோலில் உள்ள அடையாளம். தலசீமியா அணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினின் பழுது. ஒரே குரூப் ஆட்கள் கட்டினால் கெடுதலும் இல்லை, வேறு குரூப் என்பதால் காப்பும் இல்லை.

மகள் கேரியர் என்று வந்தால் வேறு இடத்தில் கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். மைனர் என்பது நோய் இல்லை. ரத்தம் ஏற்ற வேண்டாம், ஆயுள் குறையாது, பிள்ளை பெறத் தடை இல்லை. ஹீமோகுளோபின் பத்து பதினொன்றிலேயே நிற்கும், அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டு அவருக்கு ஒரு ஹெச்பிஎல்சி கேளுங்கள். அவர் நார்மல் என்றால் பிறக்கும் பிள்ளைகளில் பாதி அவளைப் போலவே மைனராக இருக்கலாம், மேஜர் வராது. மறைத்துக் கொடுத்தால், கர்ப்பமானபிறகு முதல் சிபிசியிலேயே வெளிவந்துவிடும், அதுவும் நேரம் இல்லாத நேரத்தில். ஒரு எச்சரிக்கை: மைனர் உள்ளவர்களுக்கு ரத்தம் குறைவு என்று வருடக்கணக்கில் இரும்பு மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு ஊசியும் போட்டுக்கொண்டே இருப்பார்கள். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட் பார்த்து, உண்மையிலேயே குறைந்திருந்தால் மட்டும் இரும்பு. உங்கள் மருமகள் இப்போது சாப்பிடும் மாத்திரைகளை அவளாக நிறுத்த வேண்டாம். ஃபெரிட்டின் வந்ததும் டாக்டர் சொல்வார். ஃபோலிக் ஆசிட் தொடரட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று மிச்சம் இருக்கிறது: கடைக்குட்டி. அவனுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று பற்றி யாராவது பேசினார்களா? நோயை வேரோடு தீர்க்க இப்போது பரவலாகச் செய்யப்படும் சிகிச்சை அதுதான். உடன்பிறந்தவர்களின் ஹெச்எல்ஏ, அதாவது திசு அடையாளம், பொருந்த வேண்டும், ஒவ்வொருவருக்கும் முழுப் பொருத்தம் வர நாலில் ஒன்று வாய்ப்பு. மூத்தவன், தங்கை இருவரையும் பார்த்தால் ஒருவராவது பொருந்த நூற்றுக்கு 44. பெற்றவர்களே சொந்தம் என்பதால், அவர்களும் அத்தை, மாமன் வீட்டுப் பிள்ளைகளும்கூடப் பொருந்தக்கூடும். உடன்பிறந்தவர்கள் பொருந்தவில்லை என்றால் அவர்களையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹெச்எல்ஏ 6ஆவது குரோமோசோமில் இருக்கிறது, தலசீமியா 11ஆவதில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. மைனராக இருப்பவரும் மஜ்ஜை கொடுக்கலாம். மருமகள் கர்ப்பமாக இருப்பதால் அவளிடமிருந்து இப்போது மஜ்ஜை எடுக்க மாட்டார்கள், பொருத்தம் பார்க்க ரத்தம் கொடுப்பதில் தடையில்லை. வயது ஏற ஏற, உடம்பில் இரும்பு சேரச் சேர, மாற்றின் பலன் குறையும். ஆகவே 10 வயதில் இதைத் தள்ளிப் போடாதீர்கள். கோல் இந்தியா நிறுவனத்தின் உதவித் திட்டம் 2017 முதல் இருக்கிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு மாற்றுச் செலவில் 10 லட்சம் வரை கிடைக்கும், வயதுக்கும் வருமானத்துக்கும் வரம்பு உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தலசீமியாவும் சேர்க்கப்பட்டிருப்பதால் அவனுக்கு அடையாள அட்டையும் எடுத்து வையுங்கள்.

அடுத்த முறை ரத்தம் ஏற்றப் போகும்போது அவனுடைய ரத்தம் ஏற்றும் நோட்டு, கடந்த ஓராண்டு ஃபெரிட்டின் அளவுகள், ஏற்றுவதற்கு முன் இருந்த ஹீமோகுளோபின் அளவுகள் மூன்றையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றுவதற்கு முன் 9க்குக் கீழே இறங்காமல் இருந்திருக்கிறதா என்று மஜ்ஜை மாற்று மையத்தில் கேட்பார்கள்.